மேல்சபை யாருக்கு வேண்டும்?

(திருச்செங்கோடு வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



பகல் ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க நேரே இங்கு வந்திருக்கும் ஆலைத் தோழர்களுக்கும், குச்சிக்கிழங்குக் காட்டில் கூலி வாங்கிக்கொண்டு அப்படியே வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் எங்கள் வணக்கம். நாளைக் காலையிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற வகுப்பின் முடிவில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏனுங்க தோழர், மேல்சபை வருது, மேல்சபை வருதுன்னு தேர்தலுக்குத் தேர்தல் சொல்றாங்களே, அது வந்தா நமக்கு என்னங்க, வராட்டி நமக்கு என்னங்க?"

அன்றைக்கு நேரமாகிவிட்டது. "அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் தோழர், நம் கூலிப் பிரச்சினையைப் பார்ப்போம்" என்று சொல்லி முடித்துவிட்டோம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பதில் மனதை உறுத்தியது. பெரிய இடத்து விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிற ஒவ்வொரு விஷயத்திலும்தான் நம் கூலியும், நம் பிள்ளையின் பள்ளிக்கூடமும் தீர்மானமாகின்றன. அந்தத் தவறான பதிலைத் திருத்திக்கொள்ளவே இன்று பேசுகிறோம்.

ஒரு ஆலையில் நடந்தது

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். பெயர் வேண்டாம், இந்த வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் சில வருஷங்களுக்கு முன் நடந்த விஷயம். அப்போது அமலில் இருந்த 1947ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கச் சர்க்கார் உத்தரவிடலாம். அந்த ஆலையிலும் கமிட்டி இருந்தது. ஆனால் தொழிலாளர் பிரதிநிதிகளை நிர்வாகமே பொறுக்கியெடுத்துப் பெயர்களை நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டது.

அப்படிப் போடப்பட்டவர்களில் ஒருவர் நல்ல மனிதர். வேலையில் கெட்டிக்காரர். யார் வீட்டில் காரியம் என்றாலும் முதலில் வந்து நிற்பவர். கக்கூஸ் சுத்தமில்லை, குடிதண்ணீர் இல்லை என்றால் கமிட்டியில் பேசுவார். ஆனால் போனஸ் விவகாரம் வந்தது. அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டோம். "நான் என்னங்க பண்ணட்டும்? என்னைய உக்கார வெச்சது அவுங்க. எந்திரிச்சுப் போடான்னா நான் போவணும்" என்றார்.

அவரை நாங்கள் துரோகி என்று ஏசவில்லை. அவர் சொன்னது உண்மை. பதவியைக் கொடுத்தவன் எவனோ அவனுக்குத்தான் பதவியில் இருப்பவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். மானேஜர் உட்கார வைத்ததால் மானேஜர் முகத்தைப் பார்த்தார்.

தோழர்களே, இன்றைக்கு நாங்கள் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயம்தான். ஒரு சபையில் ஒரு நாற்காலி இருக்கிறதென்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த நாற்காலியை யார் கொடுத்தார்கள்? யார் அதைத் திரும்ப வாங்க முடியும்? இந்த இரண்டு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேல்சபையைப் பார்ப்போம்.

மேல்சபை என்பது எது?

நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் சட்டசபை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு 234 அங்கத்தினர்கள். அதற்கு மேலே இன்னொரு சபை வைத்துக்கொள்ள நம் அரசியல் சட்டம் இடம் தருகிறது. அதுதான் மேல்சபை. சட்டசபை எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் ஆள் இருக்கக்கூடாது. 2010ல் பார்லிமெண்டு தமிழ்நாட்டுக்காக இயற்றிய சட்டம் 78 பேர் கொண்ட மேல்சபைக்கு வழி செய்தது.

அந்த 78 நாற்காலிக்குக் கணக்குப் பாருங்கள். 26 பேரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். 26 பேரை உள்ளாட்சி மன்ற அங்கத்தினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 7 பேரைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பார்கள். 7 பேரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மீதி 12 பேரைக் கவர்னர் நியமிப்பார்.

இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆனவருக்குத் தனி ஓட்டு உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கும் அதற்கு மேலும் பாடம் சொல்லும் ஆசிரியருக்குத் தனி ஓட்டு உண்டு. ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்குக் கூட அது இல்லை. கல்லூரி ஆசிரியர் ஒருவர் சட்டசபைக்கு ஒரு ஓட்டு, பட்டதாரி என்று ஒரு ஓட்டு, ஆசிரியர் என்று ஒரு ஓட்டு, ஆக மூன்று ஓட்டுப் போடலாம். சேகோ ஆலையில் மாவு அலசுகிற தாய்க்கு ஒரே ஓட்டு. உங்கள் முன் நின்று பேசுகிற நாங்கள் பத்தாவது தேறியவர்கள்தான். எங்களுக்கும் ஒன்றே ஒன்றுதான்.

கவர்னர் நியமிக்கும் 12 பேர் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும்? இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை இவற்றில் ஞானமோ அனுபவமோ உள்ளவர்கள் என்று அரசியல் சட்டத்தின் 171வது ஷரத்து சொல்கிறது. ஏர் பிடிப்பதும் தறி ஓட்டுவதும் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, இந்தச் சபைக்கு அதிகாரம் என்ன? சட்டசபை நிறைவேற்றிய சாதாரண மசோதாவை முதல் தடவை மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். சட்டசபை மறுபடி நிறைவேற்றினால் மேலும் ஒரு மாதம் நிறுத்தலாம். பண மசோதாவை 14 நாள். அவ்வளவுதான். அதன் பிறகு சட்டசபை சொன்னதுதான் சட்டம்.

"நாலு மாசம் தாமதப்படுத்துவதால் என்ன கெட்டுப் போகிறது? படித்தவர்கள் நிதானமாக இரண்டாம் முறை பார்க்கட்டுமே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டாம் முறை பார்ப்பது நல்லதுதான். மசோதாவை முன்கூட்டி வெளியிட்டு, சங்கங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு, சட்டசபைக் கமிட்டியில் வைத்து வரி வரியாகப் பார்க்கட்டும். நாங்கள் அதை வரவேற்கிறோம். அதற்கு 78 பேர் கொண்ட இன்னொரு சபை எதற்கு? ஆனால் மேல்சபையின் உண்மையான உபயோகம் தாமதப்படுத்துவதில் இல்லை. ஜனங்களிடம் ஓட்டுக் கேட்காமல் மந்திரி ஆவதற்கு அது ஒரு வாசல். அந்தக் கதை நம் ஜில்லாவோடு சம்பந்தப்பட்டது.

1952ல் நடந்தது

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரை நம் ஜில்லாவில் அறியாதவர் இல்லை. சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். 1925ல் இதோ பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். 1937ல் மதுவிலக்கை முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். அவருடைய அறிவையோ எளிமையையோ நாங்கள் குறை சொல்ல வரவில்லை.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற முதல் பொதுத் தேர்தல் 1952 ஜனவரியில் முடிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1950 பிப்ரவரி 11ந் தேதி, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள் அவர்களில் பலர். அந்த ரத்தம் காயுமுன் வந்தது தேர்தல்.

ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை ராஜ்யத்துச் சட்டசபைக்கு 375 இடம். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மைக்கு வேண்டியது 188. முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62 இடம். தோழர் பி. ராமமூர்த்தி ஜெயிலில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். கம்யூனிஸ்டுகளும் மற்ற எதிர்க்கட்சிகளும் டி. பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, 166 பேர் எங்கள் பக்கம் என்று சொன்னார்கள். அதுவும் பெரும்பான்மை இல்லைதான். ஆனால் காங்கிரசை விடப் பெரிய அணி.

கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? அந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியிலும் நிற்காத ராஜாஜியை, தோற்றுப்போன மந்திரிசபையின் சிபாரிசின் பேரில் மேல்சபை அங்கத்தினராக நியமித்தார். 1952 ஏப்ரலில் அவரையே முதல் மந்திரியாகவும் அழைத்தார். ஓட்டர் லிஸ்டில் உள்ள ஒரு மனிதரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. கொல்லைப்புற வழியாக வந்தார் என்று நாடு முழுக்கப் பேசியது அதனால்தான். தோழர் ராமமூர்த்தி அந்த நியமனத்தை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போனார். மனு தள்ளுபடி ஆயிற்று. நியமிக்கக் கவர்னருக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கும்போது கோர்ட்டில் என்ன செய்ய முடியும்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சபை அங்கத்தினர் அல்லாத ஒருவர் மந்திரியானால் ஆறு மாதத்துக்குள் அங்கத்தினர் ஆக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆறு மாதம் இருந்தது. ஏதாவது ஒரு தொகுதியில் நின்று ஜனங்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேல்சபை என்று ஒரு வாசல் திறந்திருந்ததால் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

வந்தவர் சட்டசபையிலேயே கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று பிரகடனம் செய்தார். அது அவருடைய அரசியல். நாங்கள் சொல்வது வேறு. 1953ல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் அவர் கொண்டுவந்த திட்டம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாதி நேரம், மீதி நேரம் தகப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதை எதிர்த்து எழுந்தது. இந்தத் திட்டத்தை எந்தத் தொகுதியிலாவது, எந்தத் தெருவிலாவது ஓட்டுக் கேட்கும்போது அவர் சொன்னாரா? ஓட்டே கேட்கவில்லையே, எங்கே சொல்வது! செருப்புத் தைக்கிறவர் வீட்டு வாசலில் கைகூப்பி நின்று, "உங்கள் பையனும் செருப்புத் தைக்கட்டும்" என்று சொல்லி ஓட்டு வாங்க எவராலும் முடியாது.

நியாயம் பேச வேண்டும். தஞ்சை ஜில்லாவில் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புத் தந்த சட்டமும் அவருடைய ஆட்சியில்தான், 1952ல் வந்தது. கீழத் தஞ்சையில் செங்கொடியின் கீழ் விவசாயத் தொழிலாளர் நடத்திய போராட்டம் அதை வரவழைத்தது. நல்லது வந்தபோது அது கீழேயிருந்து வந்த நெருக்கத்தால் வந்தது. கெட்டது வந்தபோது அதைக் கேட்க வழியில்லாத இடத்திலிருந்து வந்தது.

1954ல் ராஜாஜி விலகினார், காமராஜர் முதல் மந்திரியானார். அவரும் அப்போது சட்டசபையில் இல்லை, பார்லிமெண்டு அங்கத்தினர். மேல்சபை வாசல் அவருக்கும் திறந்துதான் இருந்தது. அவர் குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர். காமராஜர் ஜெயித்தார், நம் வேட்பாளர் தோற்றார். தோற்றது நாம்தான் என்றாலும் முறை அதுதான் என்று சொல்கிறோம். ஜனங்கள் முன் வந்து நின்ற காமராஜர்தான் குலக்கல்வித் திட்டத்தை எடுத்துவிட்டார்.

நியமனத்தால் நன்மையே இல்லையா?

போன வாரம் ஒரு இளந்தோழர் எங்களிடம் வாதாடினார். "எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபைக்குப் போனது நியமனத்தால்தானே? ரெட்டமலை சீனிவாசன் நியமனத்தால்தானே போனார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கூட 1920களில் நியமன அங்கத்தினராகத்தானே தேவதாசி முறையை எதிர்த்துப் பேசினார்?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆம், உண்மை. 1924ல் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லா ஜாதியாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை ரெட்டமலை சீனிவாசன் அந்தச் சபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதற்கு நாம் தலை வணங்குகிறோம்.

ஆனால் அன்றைக்கு ஓட்டு யாருக்கு இருந்தது? நிலவரி கட்டுகிறவனுக்கு, சொத்துள்ளவனுக்கு. சேரியில் இருந்தவருக்கு ஓட்டு இல்லை. பெண்களில் மிகச் சிலருக்கே இருந்தது. ஓட்டுக் கொடுக்காமல் கதவை அடைத்துவிட்டு, ஜன்னல் வழியே இரண்டு பேரை வெள்ளைக்காரன் உள்ளே விட்டான். உள்ளே போனவர்கள் தங்கள் துணிச்சலால் காரியம் செய்தார்கள். இன்று எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. சட்டசபையிலும் பஞ்சாயத்திலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களுக்கு ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கால் ஒடிந்தபோது ஊன்றுகோல் வேண்டும். கால் கூடிய பிறகும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டே நடக்கச் சொன்னால் யாருக்கோ அதில் லாபம் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்றும் ஓட்டு மூலம் மட்டும் உள்ளே வர முடியாதவர்கள் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கு உள்ளாட்சி மன்றங்களில் நியமன இடம் தரும் மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டசபை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அதை நாம் எதிர்க்கவில்லை. யாருக்காக, எத்தனை இடம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்து ஒருவர் முதல் மந்திரி ஆகிவிட முடியாது. ஊன்றுகோலுக்கும் கொல்லைப்புற வாசலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வந்த கதையும் போன கதையும்

1937ல் வெள்ளைக்காரன் சட்டத்தால் சென்னையில் பிறந்த மேல்சபை 1986 நவம்பர் 1ந் தேதி முடிந்தது. ஒரு நியமனத்தைப் பற்றிய சச்சரவைத் தொடர்ந்து, எம்.ஜி.ஆர். சர்க்கார் அவ்வருஷம் மே மாதம் சட்டசபையில் தீர்மானம் போட்டு அதைக் கலைத்தது. கொள்கைக்காகக் கலைத்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். தி.மு.க. தலைவர் கருணாநிதி அப்போது அந்தச் சபையில்தான் அங்கத்தினராக இருந்தார்.

அதன் பிறகு நடந்தது தாயக்கட்டை ஆட்டம். 1989ல் தி.மு.க. சர்க்கார் மேல்சபை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1991ல் அ.தி.மு.க. சர்க்கார் வேண்டாம் என்றது. 1996ல் வேண்டும். 2001ல் வேண்டாம். 2010ல் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, பார்லிமெண்டிலும் சட்டம் நிறைவேறியது. சபை அமைவதற்குள் ஆட்சி மாறி 2011ல் மறுபடி வேண்டாம். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. மறுபடி வேண்டும் என்றது. இத்தனை தீர்மானங்களில் ஒன்றிலாவது உங்களைக் கேட்டார்களா?

பக்கத்து ராஜ்யங்களிலும் இதே கதைதான். ஆந்திரத்தில் 1985ல் கலைத்தார்கள், 2007ல் மீட்டார்கள். 2020ல் மூன்று தலைநகர் மசோதாவுக்கு மேல்சபை குறுக்கே நின்றதும், கலைக்கத் தீர்மானம் போட்டார்கள். 2021 நவம்பரில் அந்தத் தீர்மானத்தையே வாபஸ் வாங்கினார்கள். அதாவது, தன் ஆள் அதிகம் இருந்தால் மேல்சபை ஜனநாயகத்தின் தூண். எதிரி ஆள் அதிகம் இருந்தால் வீண் செலவு!

இன்று ஆறு ராஜ்யங்களில் மேல்சபை இருக்கிறது: ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிரம், பீகார், உத்தரப் பிரதேசம். உத்தரப் பிரதேசத்தில் 2007, 2012, 2017 என்று மூன்று தேர்தலுக்குப் பின் வந்த மூன்று முதல் மந்திரிகளும் மேல்சபை வழியாகத்தான் அங்கத்தினர் ஆனார்கள். மகாராஷ்டிரத்திலோ, மந்திரிசபை 2020 நவம்பரில் அனுப்பிய 12 நியமனப் பெயர்களைக் கவர்னர் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்தார். 2022 ஜூனில் அந்த மந்திரிசபையே விழுந்துவிட்டது. 1952ல் சென்னைக் கவர்னரின் பேனா அவசரமாக ஓடியது. மகாராஷ்டிரத்தில் கவர்னரின் பேனா ஓடவே மறுத்தது. இரண்டு இடத்திலும் பேனா ஜனங்கள் கையில் இல்லை.

மேல்சபை இல்லாமல் ராஜ்யம் நடக்காதா? கேரளத்தில் மேல்சபை இருந்ததே இல்லை. மேற்கு வங்கத்தில் 1969ல் ஐக்கிய முன்னணி சர்க்கார் அதைக் கலைத்தது. மறுபடி வேண்டும் என்று அங்கே 2021ல் வேறு கட்சியின் ஆட்சியில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் 1986க்குப் பிறகு மேல்சபை இல்லாததால் எந்தச் சட்டம் நின்று போயிற்று?

டில்லியும் வெளிநாடும்

"அப்படியானால் டில்லியில் ராஜ்ய சபையும் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அது வேறு விஷயம். இந்தியா பல மொழி பேசும் ராஜ்யங்கள் சேர்ந்த நாடு. டில்லி நம் தலையில் கை வைக்கும்போது, ராஜ்யம் என்ற முறையில் பேச ஓரிடம் வேண்டும். அதற்காகத் தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடம் இருக்கிறது. ராஜ்யத்துக்குள் இருக்கும் மேல்சபைக்கு இந்த நியாயமும் கிடையாது. அதில் சேலத்துக்கு இத்தனை, நாமக்கல்லுக்கு இத்தனை என்று கணக்கா இருக்கிறது?

ஆனால் ராஜ்ய சபையும் கெடாமல் இருக்கவில்லை. ஒரு ராஜ்யத்தின் பிரதிநிதி அந்த ராஜ்யத்தில் குடியிருக்க வேண்டும் என்ற விதியை 2003ல் எடுத்துவிட்டார்கள். 2006ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது. யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்றால் ராஜ்யங்களின் சபை என்ற பெயர் எதற்கு? சீர்திருத்தம் வேண்டுமானால் அங்கே தொடங்கட்டும்.

கனடா தேசத்தைப் பாருங்கள். அதுவும் மாகாணங்கள் கூடிய நாடு. அதன் செனட் சபைக்கு 105 பேர். ஒருவரையும் ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதம மந்திரியின் சிபாரிசில் நியமனம். 1965 வரை ஆயுள் முழுக்கப் பதவி, அதற்குப் பிறகு 75 வயது வரை. இதை மாற்ற வேண்டும் என்று அங்கே நெடுங்காலமாகப் பேச்சு. 2014ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, செனட்டை ஒழிக்க வேண்டுமானால் பத்து மாகாணங்களும் ஒப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு தடவை வைத்துவிட்ட நியமன நாற்காலியைக் கிளப்புவது எத்தனை கஷ்டம் பாருங்கள். அதே கனடாவில் மாகாணங்களில் இருந்த மேல்சபைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசியாகக் கியூபெக் 1968ல் தன் மேல்சபையை ஒழித்தது. இன்று ஒரு மாகாணத்திலும் அது கிடையாது.

நம் ஊர் நாற்காலி

இப்போது பள்ளிபாளையத்துத் தோழரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறோம். மேல்சபை வந்தால் நமக்கு என்ன? ஜனங்களிடம் வராமலே நம்மை ஆள ஒரு வாசல் திறக்கும். வராவிட்டால்? அந்த வாசல் அடைபட்டிருக்கும். ஆனால் வாசல் அது ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள்.

மேல்சபையில் மூன்றில் ஒரு பங்கு பேரை உள்ளாட்சி மன்றத்தார் தேர்ந்தெடுப்பார்கள் என்றோமே, அந்த உள்ளாட்சி மன்றங்களின் கதி என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துகளில் தேர்தலே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். 2019 டிசம்பரில் சேலம், நாமக்கல் உள்பட 27 ஜில்லாக்களில் கிராமப்புறத் தேர்தல் நடந்தது. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள். ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியும் இது நடந்தது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளத் தாய் ஒருவர் வார்டு மெம்பராக இருந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்துவார்கள். அவரும் ஆபீசில் போய்க் கத்துவார். தனி அலுவலர் காலம் வந்த பின் அவரைப் பார்த்தோம். "இப்ப என்னையுங் கத்த மாட்டேங்கறாங்க, நானும் யாரையுங் கத்த முடியலீங்க. தண்ணி மட்டும் வரலீங்க" என்றார். தனி அலுவலர் கெட்டவர் என்று அந்தத் தாய் சொல்லவில்லை. போய்க் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று என்றுதான் சொன்னார்.

ஆகவே, தோழர்களே, நம்முடைய நிலை இது. ராஜ்யத்துக்கு மேல்சபை வேண்டாம். ராஜ்ய சபையில் ராஜ்யத்தில் குடியிருப்பவரே ராஜ்யத்தின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். பஞ்சாயத்து, நகரசபை, கூட்டுறவு சங்கம் எதுவானாலும் காலம் முடியுமுன் தேர்தல் நடக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், நம் கட்சியேயானாலும், இந்த மூன்றுக்கும் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நியமனமே இல்லாத ஒரு சபை நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதுதான் கிராம சபை. அந்தக் கிராமத்து ஓட்டர் லிஸ்டில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். பட்டதாரிக்கு அங்கே இரண்டு குரல் கிடையாது. பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே இடம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கூட்டம் போடுகிறார்கள். நம்மவர்களில் எத்தனை பேர் போகிறோம்? நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் சரி என்று விட்டுவிடுகிறோம். நாம் காலியாக விட்ட நாற்காலியில்தான் வேறொருவன் வந்து உட்காருகிறான்.

அடுத்த கிராம சபைக்குப் பத்துப் பேராகப் போங்கள். "பஞ்சாயத்துத் தேர்தலைக் காலத்தில் நடத்து" என்று எழுதிய தீர்மானத்தைக் கையில் கொண்டு போங்கள். நோட்டில் தீர்மானம் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஏறாவிட்டால் எழுந்திருக்காதீர்கள். அங்கே நம்மை உட்கார வைத்தவன் எவனும் இல்லை. எழுந்து போ என்று சொல்லவும் எவனுக்கும் அதிகாரம் இல்லை.